ஐந்து ஆறு, ரெண்டு போலோ: பழைய கார் வாங்கும்போது மாடல் வருஷத்தை எவ்வளவு நம்பலாம்?

வழக்கமா இங்க கோடு, வேலை, சம்பளம்னுதான் பேசுவோம். இன்னைக்கு கார்.

காரணம், கொஞ்ச நாளா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்வி. "ப்ரோ, செகண்ட் ஹேண்ட்ல போலோ ஜிடி எடுக்கலாம்னு இருக்கேன். எந்த வருஷ மாடல்ல ஹேண்ட்லிங் நல்லா இருக்கும்?" 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி தன் பிரிவில் மூணாவது வந்ததுக்கு அப்புறம் இந்தக் கேள்வி இன்னும் கூடிடுச்சு. போர்ஷே நமக்குக் கட்டுப்படியாகாது. ஐந்தாறு லட்சத்துல, வேகமாவும் போகணும், வளைவுல நம்பியும் திருப்பணும்னா, பழைய மார்க்கெட்ல மிஞ்சுறது சில வண்டிகள்தான். நம்ம பட்ஜெட்டோட ஸ்போர்ட்ஸ் கார் அதுதான்.

நானும் போன வருஷம் இதே கேள்வியோட அலைஞ்சேன். கிடைச்ச பதிலை முதல்லயே சொல்லிடுறேன். மாடல் வருஷம், ஃபேக்டரி என்ன செஞ்சதுன்னு சொல்லும். அதுக்கப்புறம் ரோடும் ஓட்டினவரும் அந்தக் காரை என்ன செஞ்சாங்கன்னு சொல்லாது. பத்து வருஷம் ஓடின வண்டியில் இந்த ரெண்டாவது விஷயம்தான் பெருசு.

இதை நான் புத்தகத்துல படிச்சுக் கத்துக்கல. அப்பாவைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டுக் கத்துக்கிட்டேன்.

வைக்கோல் மேல் ஒரு வளைவு

எங்க ஊர் திருவையாறு பக்கம். மூணு வருஷத்துக்கு முன்னாடி என் முதல் காரை வாங்கினேன், ஒரு பழைய ஹேட்ச்பேக். பேர் வேண்டாம், தப்பு அந்தக் கம்பெனி மேல இல்லை. அந்தக் குறிப்பிட்ட வருஷ மாடல்ல சஸ்பென்ஷனை மாத்தியிருக்காங்க, அதான் அந்த வரிசையிலேயே ஹேண்ட்லிங் பெஸ்ட்னு நாலு ரிவ்யூ பார்த்திருந்தேன். வருஷத்தைப் பார்த்தேன், கிலோமீட்டரைப் பார்த்தேன், பெயின்ட்டைப் பார்த்தேன், பணத்தைக் கொடுத்துட்டேன்.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். சம்பா அறுவடை நேரம். டெல்டாக்காரங்களுக்குத் தெரியும், அந்தச் சமயத்துல ரோடுதான் களம். ஒரு பக்கம் நெல் காயும், இன்னொரு பக்கம் வைக்கோல் கிடக்கும். விடியக்காலை, நல்ல பனி. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு தஞ்சாவூர் போயிட்டு இருந்தேன். வேகம் அம்பத்தஞ்சுதான். ஒரு பாலத்துக்கு முன்னாடி இடது வளைவு. பனியில நனைஞ்ச வைக்கோல் தெரிஞ்சதும் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான் செஞ்சேன். காரோட பின்பக்கம் எனக்கு முன்னாடி போகப் பார்த்தது.

சுத்தி, ரோட்டை விட்டு ஒரு பின்சக்கரம் இறங்கி, வாய்க்கால் கரையில நின்னுச்சு. எதிர்ல வண்டி எதுவும் வரலை. வந்திருந்தா இந்த எபிசோட் இல்லை.

அப்பா திட்டலை. கதவைத் திறந்து இறங்கினார், வேட்டியை உதறினார். "நீ வண்டியைப் பார்த்துக்க. நான் பஸ்ல போயிக்கிறேன்"னு சொல்லிட்டு நடந்து போயிட்டார். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் ஓட்டுற கார்ல அவர் ஏறவே இல்லை.

மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டியை விட்டேன். அவர் என்ஜினைத் திறக்கவே இல்லை. பின் டயர் பக்கத்துல குந்தி உட்கார்ந்து, "தம்பி, இங்க வந்து இந்த நம்பரைப் படிங்க"ன்னார். ஒவ்வொரு டயரோட பக்கவாட்டுலயும் ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2319னா 2019-ல 23-ஆவது வாரம் செஞ்ச டயர். என் பின் டயர் ரெண்டும் ஒன்பது வருஷப் பழசு. பட்டன் நிறைய இருந்தது, அதனால நான் சந்தேகப்படவே இல்லை. ஆனா ரப்பர் கட்டையா இறுகிப்போயிருந்தது. முன் டயர் ரெண்டும் புதுசு. வித்தவர் புதுசை முன்னாடி மாட்டி, பழசைப் பின்னாடி தள்ளியிருக்கார்.

முன்னாடி பிடிமானம் அதிகம், பின்னாடி குறைவு. வளைவுல காலை எடுத்தா எடை முன்பக்கம் சாயும், பின்பக்கம் இன்னும் லேசாகும், வால் வெளிய ஓடும். ரிவ்யூ செஞ்சவங்க பாராட்டின அந்த சஸ்பென்ஷன் அப்படியேதான் இருந்தது. தரையைத் தொடுறது சஸ்பென்ஷன் இல்லை, டயர். நாலு டயரும் சேர்ந்து தரையைத் தொடுற இடம், நம்ம நாலு உள்ளங்கை அளவுதான்.

அப்போ வருஷம் சும்மாவா?

சும்மா இல்லை. சில சமயம் ஒரு வருஷ மாற்றம் காரோட குணத்தையே மாத்தும். உலக அளவுல நல்ல உதாரணம் ஹோண்டா எஸ்2000. 1999-ல வந்த ரெண்டு சீட் வண்டி, பின்சக்கர டிரைவ். ஆரம்ப வருஷ கார்கள்ல வளைவுல எல்லை தாண்டினா பின்பக்கம் பட்டுனு பிச்சுக்கும்னு பேர். சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும்போது பின்சக்கரம் திரும்பி நிற்கிற கோணம் மாறுறது அதுக்கு ஒரு காரணம். 2004 மாடல்ல அந்த ஜியோமெட்ரியைத் திருத்தினாங்க, சக்கரத்தையும் 16-ல இருந்து 17 அங்குலமாக்கினாங்க. அந்தக் காரை வாங்குறவர் வருஷம் கேட்டே ஆகணும்.

இப்ப நம்ம போலோ. இந்தியாவுல 2010-ல வந்தது, 2022-ல நின்னது. பன்னிரண்டு வருஷமும் அடிப்படை உடம்பு ஒண்ணுதான். முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ட்விஸ்ட் பீம். வந்த வருஷமே இந்தக் காரை வெச்சு போலோ கப்னு ஒரு பந்தயத் தொடரும் ஆரம்பிச்சாங்க. எல்லாருக்கும் ஒரே கார், ஒரே அமைப்பு. அப்பத்தான் ஜெயிச்சது டிரைவரா வண்டியான்னு குழப்பம் வராது. இந்த யோசனையை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஜிடி டிஎஸ்ஐ 2013-ல வந்தது. 1.2 லிட்டர் டர்போ, நாலு சிலிண்டர், 105 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி. 2014-ல முகம் மாறினது. 2017 வாக்குல ஜிடிக்கு 15 அங்குல சக்கரம் போய் 16 வந்தது. 2020-ல பிஎஸ் 6 வந்தப்போ என்ஜினே மாறிடுச்சு: 1.0 லிட்டர், மூணு சிலிண்டர், 110 பிஎஸ். டிஎஸ்ஜி போய், ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்தது.

இதுல ஹேண்ட்லிங்கை நேரடியாத் தொடுறது எது? சக்கர அளவு. பழைய டயர் 185/60 ஆர்15. அதோட பக்கச்சுவர் உயரம் 111 மில்லிமீட்டர். புதுசு 195/55 ஆர்16, 107 மில்லிமீட்டர். பத்து மில்லி அகலம் கூடுது, பக்கச்சுவர் நாலு மில்லி குறையுது. ஸ்டீயரிங் கொஞ்சம் கூர்மையாகணும், குழியில அடி கொஞ்சம் கூடணும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வருஷம் பார்த்தே ஆகவேண்டிய இன்னொரு விஷயம் பாதுகாப்பு. 2014 ஜனவரியில குளோபல் என்கேப் சோதனையில ஏர்பேக் இல்லாத போலோவுக்கு ஒரு ஸ்டார்கூட கிடைக்கலை. ரெண்டு ஏர்பேக் இருந்த அதே போலோ நாலு ஸ்டார் வாங்குச்சு. ஏர்பேக் இல்லாத வண்டி விற்பனையைக் கம்பெனி நிறுத்திடுச்சு. அதே மாதிரி, எல்லாப் புதுக் கார்லயும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரல்லதான். அதனால பழைய கார், குறைஞ்ச வேரியன்ட்னா, ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இருக்கான்னு கண்ணால பார்த்துட்டுத்தான் அடுத்த பேச்சு. ஜிடி டிஎஸ்ஐயில இது ரெண்டோட ஈஎஸ்பியும் இருந்தது. என் முதல் கார்ல அது இல்லை. அந்த வைக்கோல் வளைவுல அது இருந்திருந்தா எனக்கு உதவியிருக்கும்.

பல்லும் நடையும்

போன வருஷம் ரெண்டு வண்டி பார்த்து வெச்சேன். ஒண்ணு 2013 ஜிடி டிஎஸ்ஐ, சென்னைப் பதிவு, மூணாவது ஓனர். இன்னொண்ணு 2018, டிஎன் 49, நம்ம தஞ்சாவூர் பதிவு, ஒரே ஓனர். விலை வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல. பெட்ரோல் காருக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் தகுதிச் சோதனை, புதுப்பிப்பு. 2013 வண்டிக்கு அந்தக் கெடு பக்கத்துல இருக்குறதும் விலையில தெரிஞ்சது.

வீட்டுல சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார், "எந்த வருஷம்னு பார்த்துதானே போன தடவையும் வாங்கினே?"

பதில் சொல்லலை. அவரே சொன்னார்: "மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்த்தா வயசு தெரியும்டா. மாடு தெரியணும்னா நடக்கவிட்டுப் பார்க்கணும். வா, நானும் வர்றேன்."

ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அவர் சொன்ன 'நானும் வர்றேன்' அது. எனக்குக் காரைவிட அந்த வார்த்தைதான் பெருசாத் தெரிஞ்சது.

ஐந்து பாலத்து டெஸ்ட்

தஞ்சாவூர்ல இருந்து திருவையாறு கிட்டத்தட்ட பன்னிரண்டு கிலோமீட்டர். அதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு ஐந்து ஆறு. ஊர்ப்பேரே அதுலருந்துதான்னு சொல்லுவாங்க. கீழே வண்டல் கலந்த களிமண். தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். அதனால டெல்டா ரோடு, குழி இல்லாத இடத்துலகூட அலை அலையா இருக்கும். காரோட சஸ்பென்ஷனைப் பரிசோதிக்க இதைவிட நல்ல லேப் கிடையாது. ரெண்டு ஓனரும் ஒத்துக்கிட்டாங்க. ஒரே நாள் காலை, ஒரே ரோடு, ஒரே டிரைவர், பின்சீட்ல மெக்கானிக் அண்ணன், பக்கத்துல அப்பா.

முதல்ல வடவாறு. கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு காருக்கும் காத்து செக் பண்ணோம். சூடேறாத டயர்ல, கம்பெனி ஸ்டிக்கர்ல சொன்ன அளவு. 2018 காருக்கு ஒரு டயர்ல எட்டு பிஎஸ்ஐ கம்மி. அதைச் சரி பண்ணாம ஓட்டியிருந்தா, என் தீர்ப்பு காரைப் பத்தி இருந்திருக்காது, காத்தைப் பத்தி இருந்திருக்கும். பாலத்துக்குப் பக்கத்துல மெதுவா முழு ஸ்டீயரிங் இடது, வலது. 2018-ல முன்பக்கம் 'டக்'குனு ஒரு சத்தம். அண்ணன் பின்னாடியிருந்து, "லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கு"ன்னார்.

வெண்ணாறு. பாலம் ஏறி இறங்குற இடத்துல நாற்பதுல விட்டேன். நல்ல ஷாக் அப்சார்பர்னா கார் ஒரு தடவை அமுங்கி எழுந்து நின்னுடும். 2013 அப்படியே நின்னுது. ஷாக் அப்சார்பர் புதுசா மாத்தின பில்லே இருந்தது. 2018 ரெண்டு, ரெண்டரை தடவை ஊஞ்சலாடுச்சு.

வெட்டாறு தாண்டி நேர் ரோடு. ஸ்டீயரிங்கை லேசாப் பிடிச்சு, எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்க்கணும். இங்க ஒரு சூட்சுமம். மழைத்தண்ணி வடியறதுக்காக ரோடே ஓரத்துக்குச் சரிஞ்சிருக்கும். அதனால எல்லாக் காரும் கொஞ்சம் இடது பக்கம் போகும். வலது பக்கம் இழுத்தா உடனே சந்தேகப்படுங்க. 2018 வலது பக்கம் இழுத்தது.

குடமுருட்டி, கண்டியூர் பக்கம். வண்டி இல்லாத நேரம் பார்த்து ஒரு நிதானமான வளைவு, நாற்பதுக்குள்ள. பாதியில மெதுவாக் காலை எடுத்தேன். முன்சக்கர டிரைவ் காரு அப்போ மூக்கைக் கொஞ்சம் உள்ள திருப்பணும், ஆனா வாலை வீசக்கூடாது. 2013 பென்சில்ல கோடு போட்ட மாதிரி போச்சு. 2018 ஒரு நொடி யோசிச்சு, அப்புறம் திரும்புச்சு. அதோட டயர் கார் வாங்கினப்போ வந்த அதே டயர். 16 அங்குலம்தான், அகலம்தான், ஆனா ஆறு வருஷத்துக்கு மேல வெயில் குடிச்சது. நாலு மில்லிமீட்டர் பக்கச்சுவர் கணக்கெல்லாம் அங்க காணாமப் போச்சு.

கடைசியா காவிரி. பாலம் தாண்டி, முன்னாலயும் பின்னாலயும் யாரும் இல்லாத இடத்துல, எல்லாரும் பெல்ட் போட்டுக்கிட்டு ஐம்பதுல இருந்து அழுத்தி பிரேக். ஏபிஎஸ் காலுக்கடியில துடிக்கணும், கார் நேரா நிக்கணும். ரெண்டுமே நேராத்தான் நின்னுச்சு.

கணக்குப்படி 2013 அஞ்சுக்கு அஞ்சு. விலையும் கம்மி. என் மனசு முடிவு பண்ணிடுச்சு. பழைய வண்டி, சின்ன சக்கரம், ஆனா நாலு புது டயர். ஐந்து வருஷ மாடல் வித்தியாசத்தை நாலு டயரும் ஒரு செட் ஷாக் அப்சார்பரும் சாப்பிட்டுடுச்சு.

வண்டல்

திருவையாறுல டீ குடிக்க நிறுத்தினோம். அப்பா 2013-ல இருந்து இறங்கலை. சீட்டைப் பின்னாடி தள்ளி, தண்டவாளத்துக்கு அடியில விரலை விட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். விரலை என்கிட்ட நீட்டினார்.

"இது தூசி இல்லடா. வண்டல்."

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை. "நாப்பது வருஷமா கையில பிசைஞ்ச மண்ணு. காத்துல வர்ற தூசி சொரசொரன்னு இருக்கும். இது மாவு. தண்ணி கொண்டுவந்து விட்டது. கார் உள்ள ஏன் வருது?"

மெக்கானிக் அண்ணன் எழுந்து வந்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். யாரும் அந்த அளவுக்கு இழுக்க மாட்டாங்க, அதனால யாரும் அதைச் சுத்தம் பண்ணவும் மாட்டாங்க. கீழ்ப்பகுதியில ஒரு பழுப்புக் கோடு, அதுக்கு மேல பளிச்சுனு. கார்ப்பெட்டைத் தூக்கினா சீட் போல்ட்டெல்லாம் துரு. சென்னைப் பதிவு, 2013 வண்டி. 2015 டிசம்பர்ல அடையாறு எங்கெங்க வந்ததுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணிதானான்னு என்னால நிரூபிக்க முடியாது. ஏதோ ஒரு தண்ணி சீட் உயரத்துக்கு வந்திருக்கு, அது மட்டும் நிச்சயம்.

வித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மூணாவது ஓனர், அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம். ஆனா தண்ணியில நின்ன கார்ல வயரிங், கனெக்டர், ஏர்பேக் சென்சர் எல்லாம் இன்னைக்கு வேலை செய்யும், என்னைக்கு நிக்கும்னு தெரியாது. ஈஎஸ்பி இருக்குன்னுதானே இந்தக் காரைத் தேடினேன்? அந்த ஈஎஸ்பி நம்பியிருக்குறது சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்குற சென்சரையும் அந்த வயரையும்தான்.

அன்னைக்கு அருமையா ஓடின காரை விட்டுட்டு, மோசமா ஓடின காரை வாங்கினேன்.

ஏன்னா 2018-ல இருந்த குறை எல்லாம் மாத்தக்கூடிய குறை. டயர், புஷ், ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட். ஒவ்வொண்ணுக்கும் விலை கேட்டு, அதைக் காட்டி பேரம் பேசினேன். பாதிக்கு மேல குறைஞ்சது. உடம்புல அடியோ, தண்ணி ஏறினதோ இருந்தா அதுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.

எல்லாம் மாத்தின பிறகு மறுபடியும் அதே ஐந்து பாலம். வேற கார் மாதிரி இருந்தது. இதுல டயருக்கு எவ்வளவு பங்கு, புஷ்ஷுக்கு எவ்வளவுன்னு கேட்காதீங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டேன். ஆபீஸ்ல ஜூனியர் யாராவது ஒரே டிப்ளாய்மென்ட்ல நாலு மாற்றம் பண்ணா நான் திட்டுவேன், இங்க நானே பண்ணேன்.

நீங்க பார்க்கப் போகும்போது

ரெண்டு மாடல் வருஷத்தை ஒப்பிடணும்னா முதல்ல ரெண்டையும் ஒரே நிலைமைக்குக் கொண்டுவாங்க. போலோ கப் யோசனை அதுதான். முழுசா முடியாது, ஆனா டயர் தேதி படிக்கலாம், காத்து சரி பண்ணலாம், அலைன்மென்ட் ரிப்போர்ட் வாங்கலாம், ஒரே ரோட்டுல ஒரே நாள் ஓட்டலாம். ஓட்டும்போது தெரியுற ஒவ்வொரு குறைக்கும் ஒரு கேள்வி கேளுங்க: இது டிசைனா, தேய்மானமா? தேய்மானம்னா பேரம். டிசைன்னா முடிவு. புது டயர் ரெண்டு மட்டும்தான் வாங்க முடியும்னா, அது பின்னாடி. முன்சக்கர டிரைவா இருந்தாலும் பின்னாடிதான். அப்புறம், சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க.

இந்தத் தை மாசம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு அதே ரோட்டுல போனேன். அதே வளைவு, அதே மாதிரி வைக்கோல். கார் நல்லா இருக்கு, டயர் புதுசு, ஈஎஸ்பி இருக்கு. ஆனாலும் வேகத்தை முப்பதுக்குக் கொண்டுவந்தேன். அப்பா வெளிய வயலைப் பார்த்துக்கிட்டே, "இப்பத்தான் ஓட்டக் கத்துக்கிட்டிருக்கே"ன்னார்.

அவ்வளவுதான் மக்களே. நீங்க வாங்கின பழைய காரோட கதையை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் படிக்கிறேன். பத்திரமா ஓட்டுங்க.